சந்தனமா, இளம்பச்சையா

பெயிண்டருக்கு ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் அத்துப்படி. சொந்த வீட்டுச் சுவரிடம்தான் தோற்றுப்போனார். முப்பது வருஷமாக அவர் வழக்கம் ஒன்றுதான். வீட்டுக்காரர்கள் எது என்று தயங்கும் இரண்டு நிறத்தையும் முழ அகலத்துக்கு அடுத்தடுத்துப் பூசிவிட்டு, "ஈரத்துல பாத்து முடிவு பண்ணாதீங்க. காயட்டும், காலைல ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை பாருங்க" என்பார். அது காய்வதற்குள் அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

அவர் மனைவி காலமாகிப் பத்து மாசம். அன்றிலிருந்து கூடத்தில்தான் படுக்கை. புது நிறம் அடித்தாலாவது படுக்கையறைக்குள் போக மனசு வராதா என்று, சந்தன நிறத்தில் ஒரு பட்டையும் இளம்பச்சையில் ஒரு பட்டையும் பூசி வைத்தார். காய்ந்து நாலு நாளாயிற்று. முடிவுதான் வரவில்லை.

பிடித்தது என்னவோ சந்தனம்தான். அப்புறம் என்ன கேடு என்கிறீர்களா? அந்த வீட்டில் பிடித்ததை நேராகச் சொல்லும் வழக்கமே கிடையாது. அவர் கிழக்கு என்றால் மனைவி மேற்கு என்பாள். மனுஷன் லேசுப்பட்டவரா? வேண்டாததையே முதலில் சொல்வார். கட்டில், திரைச்சீலை, மகள் படிப்பு எல்லாம் அப்படிச் சாதித்துக்கொண்டதுதான் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்.

பழக்க தோஷம், சுவரைப் பார்த்து, "பச்சையே அடிச்சிடலாம்" என்றார். 'ஐயே, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்' என்று ஒரு குரல் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. மறுத்துப் பேசக்கூட ஆளில்லாமல் போயிற்று.

வெளியூரில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டார். "ரூமுக்குப் பச்சை அடிக்கலாம்னு இருக்கேன்மா."

மகள் சிரித்தாள். "அப்ப உங்களுக்கு வேற ஏதோதான் வேணும். என்னப்பா அது?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அம்மாதான் சொல்வாங்க. 'உங்கப்பா எதைச் சொல்றாரோ, அது அவருக்கு வேணாம்னு அர்த்தம். நான் மாத்திச் சொன்னாதான் மனுஷன் முகம் மலரும்'னு."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார் பெயிண்டர். இத்தனை வருஷமும் கெட்டிக்காரி யார் என்று இப்போதல்லவா தெரிகிறது! எழுந்து, கட்டிலில் அவள் படுக்கும் பக்கமாகத் திரும்பினார்.

"எனக்குச் சந்தனம்தான் புடிச்சிருக்கு" என்றார், முதல் தடவையாக நேராக.

பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சந்தனப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.