கண்ணாடிமேல் ஆறு விரல்

பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு, முதன்முறையாக யாருக்கும் கேட்காமல் ஒரு வாக்கியம் எழுதினேன். தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள். ஈப்போவில் நானும் அக்காவும் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசை. அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். நேரத்தைக் கைப்பேசி என் காதுக்குள் சொன்னது.

பதின்மூன்று வயதில் மங்கத் தொடங்கிய என் பார்வை பதினைந்தில் முழுதும் போனது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் சத்தத்தோடுதான் பிறந்தது. பள்ளியில் தந்த பிரெயில் இயந்திரம் இரும்பாலானது. ஒரு பத்தி அடித்தால் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார். கைப்பேசியிடம் வாயால் சொல்லி எழுதினால் சமையலறைவரை கேட்கும். அக்காவிடம் சொல்லி எழுதினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடித் திரையிலேயே பிரெயில் எழுதலாம் என்பதைப் பார்வையற்றோர் குரல்வழிக் குழு ஒன்றில் ஆயர் தாவார் ஊர்க்காரர் ஒருவர் பதினோரு பதிவுகளில் விளக்கினார். "போன படுக்க வச்சு, ஸ்கிரீன் வெளிய பாக்குற மாதிரி புடிங்க. ரோட்டோர பர்கர் சாப்புடுறதில்ல? அந்தப் புடிதான்லா." கட்டைவிரல்கள் என் பக்கம், இரு கைகளிலிருந்தும் மும்மூன்று விரல்கள் மறுபக்கக் கண்ணாடியில். ஆறு விரல், ஆறு புள்ளி. அக்கா என்று எழுத ஐந்து முறை தொட வேண்டும். எழுதி முடித்ததும் பிரெயில் புள்ளிகளைத் திரையிலிருந்து விலக்கிவிட்டு, வரிகளைக் கைப்பேசி காதொலிக்கருவியில் வாசிக்கக் கேட்பேன். பிடியை மாற்றினால் விரல்கள் இடம் தவறும். எனவே வாசிக்கக் கேட்கும்போதும் அப்படியே பிடித்திருப்பேன்.

ஒன்பதாம் பதிவில் அவர் திரையை அணைத்துவிடச் சொன்னார். மூன்று விரலால் மூன்று தட்டு. பேட்டரியும் அதிக நேரம் நிற்கும் என்றார். அதைப் பேட்டரிக்கான யோசனை என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் மின்சாரத்துக்குக் குறையில்லை. விட்டுவிட்டேன்.

அன்று எழுதிய முதல் வாக்கியம் இது: "பல்கலைக்கழகத்தின் தலைநகர் வளாகத்தில் முழுநேரம் படிக்கவும் விடுதியில் தங்கவும் விண்ணப்பித்திருக்கிறேன், மாதக் கடைசியில் பதில் வரும், அக்காவிடம் சொல்லவில்லை."

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பெற்றோர் சிலிம் ரிவர் பக்கம், முன்பு ரப்பராகவும் இப்போது செம்பனையாகவும் இருக்கும் தோட்டத்தின் வரிசை வீட்டில் இருக்கிறார்கள். எனக்கான சிறப்பு வகுப்பு ஈப்போவில்தான் கிடைத்தது. இருபது வயதில் அக்கா என்னோடு வந்தாள், கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஏழு ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறாள். நான் வார இறுதி வகுப்பில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். பாடங்களை வாசித்துக் காட்டுவதும் அவள்தான். நீ இனி வேண்டாம் என்று பொருள்படாதபடி அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

சொல்ல முடியாததை எழுதினேன். தினமும் காலையில், அதே மேசையில், அதே பிடியில். அக்கா வாசிக்கும்போது வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவாள் என்று எழுதினேன். "யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் தெரிகிறது; என்ன நடந்தது என்பது மட்டும் தெரிவதில்லை." தட்டில் சட்னியை எந்தப் பக்கம் வைத்தாள் என்று சொல்லாமலே வைத்துவிடுவதை எழுதினேன். மறுநாள், "சட்னி வலது பக்கம்" என்றாள். அந்த வாரமே கடைசிச் சொற்களும் முழுதாக வந்தன. நான் அமைதியானவுடன் அவளும் கவனமாகிவிட்டாள் என்று மகிழ்ச்சியோடு குறித்துவைத்தேன்.

அதே வாரம் வியாழக்கிழமை இரவுச் சந்தையிலிருந்து மூடி போட்ட பால்டி வாளி ஒன்று வாங்கி வந்தாள். "எதுக்குக்கா?" என்றேன். "மலிவா இருந்துச்சு." அடுத்த திங்கள்முதல் என் துணியை அந்தப் பால்டியில் நானே துவைக்க வேண்டும், சோற்றுக்கு நானே தண்ணீர் அளக்க வேண்டும் என்று உத்தரவிட்டாள். "என்னைப் பார்த்துக்கொள்வது அவளுக்கு அலுத்துவிட்டது" என்று எழுதினேன்.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சீனப் பெருநாள் விடுமுறையில் பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒரே காப்பிக்கடையில் மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. எங்கள் மேசையில் பாகான் டத்தோவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா உட்கார்ந்தார். அக்கா மீ நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்து, "மத்தியானத்துக்குப் புங்குஸ் கட்டிட்டு வாரேன், இங்கயே இரு" என்று எழுந்து போனாள். நான் நான்கு வரி எழுதி, வாசிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத" என்றார் அந்த அம்மா. காதொலிக்கருவியைக் கழற்றினேன். "உங்க அக்கா மீய உறிஞ்சுனா மூணு மேசைக்குக் கேக்கும்னு போட்டிருக்கியே, உண்மைதான்லா. நானும் கேட்டேன்."

"நீங்க எப்படி..."

"எப்படியா? மூஞ்சிக்கு நேரா காட்டிக்கிட்டு இருக்கே. எழுத்தும் கடைப் பலகை மாதிரி இருக்கு. கண்ண நான் எங்க கொண்டு போயி வைக்கிறது, பாப்பா?"

எழுத்தின் அளவை எனக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஆகப் பெரிதாக வைத்தாள். கைப்பேசி இருமுறை மாறியும் அந்த அமைப்பு கூடவே வந்திருக்கிறது. எனக்கு அது தேவையற்றுப் போனதால் மறந்துவிட்டேன். என் கைகள் அப்போதும் பர்கரைப் பிடிப்பதுபோலக் கைப்பேசியைப் பிடித்திருந்தன. முதலில் வந்தது வெட்கம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். பிறகு, எங்கள் வீட்டு மேசையில் எனக்கு எதிரே தினமும் உட்காருவது யார் என்பது நினைவுக்கு வந்தது.

அக்கா பொட்டலங்களோடு வந்தாள். "என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஒன்னுமில்ல. வெயில்."

"கடைக்குள்ளயா?" என்றாள். அந்த அம்மா காப்பியைச் சத்தமில்லாமல் குடித்தார்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபோது கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏழு ஆண்டுகளாக அவள் இடுப்பைப் பிடித்துத்தான் போகிறேன். அன்று இருக்கைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்தேன்.

மதியம் அவள் வேலைக்குப் போனபின், இருபது நாள் எழுதியதையும் தேதி வாரியாக ஓடவிட்டுக் கேட்டேன். வீட்டில் தனியாக இருந்தும் காதொலிக்கருவியோடுதான் கேட்டேன். சட்னி, கடைசிச் சொல், பால்டி: ஒவ்வொன்றும் நான் எழுதிய பிறகே நடந்திருந்தது. நான் போகப்போவதை அவள் முதல் நாளே வாசித்துவிட்டு, தோசையைத் தின்று முடித்து, இரண்டு நாள் கழித்துப் பால்டி வாங்கியிருக்கிறாள். விடுதியில் துவைக்கப் பழக்கியிருக்கிறாள். அதற்கு நான் எழுதிய 'அலுத்துவிட்டது' என்பதையும் வாசித்துவிட்டு, மறுபடியும் அரிசியை அளக்கச் சொல்லியிருக்கிறாள்.

பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை மூன்று முறை கேட்டேன். "அக்காவுக்கு என்னைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. அதை ஒரு பதக்கம் போலக் கழுத்தில் போட்டிருக்கிறாள்." அதை எழுதியபோது அழகான வாக்கியம் என்று நினைத்தேன். அதன் கீழே, அதே தேதியில், நானே குறித்திருந்த அடுத்த வரி: "எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் ஓடியது. தண்ணீரை இப்படித்தான் வீணாக்குகிறாள்."

கவனிப்பதில் நான் துல்லியமானவள் என்று நினைத்திருந்தேன். குழாய் ஓடிய நேரத்தைக்கூடக் கவனித்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே மேசையில் உட்கார்ந்தேன். அக்கா எதிரே உட்காரும்வரை காத்திருந்தேன். திரையை அணைக்கவில்லை. கைப்பேசியை வழக்கம்போலவே அவள் பக்கம் திருப்பிப் பிடித்து, "விடுதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்று எழுதினேன். புள்ளிகளை விலக்கினேன். இரண்டு கைகளும் நடுங்கின, திரையும் ஆடியிருக்கும்.

அக்கா அதை வாய்விட்டு வாசித்தாள். கடைசி எழுத்துவரை வாசித்தாள்.

"ஆடாம புடி" என்றாள். பிறகு, "நானா எடுத்துப் பாக்கல. நீதான் காட்டுன."

"தெரியும்க்கா. நேத்துதான் தெரிஞ்சுச்சு."

"மொத நாளே சொல்லியிருப்பேன். சொன்னா நீ எழுதுறத நிறுத்திடுவ." தோசையைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. "பதக்கம்னு எழுதுனியே, அன்னிக்கு மட்டும் சொல்லிடலாம்னு நெனச்சேன்."

மாதக் கடைசியில் முடிவு தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

"அது தெரியும். மூணாம் தேதியே எழுதிட்ட. சாப்புடு."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். சட்னி எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விரலால் தட்டின் விளிம்பைச் சுற்றிவந்து, இடது பக்கத்தில் கண்டெடுத்தேன்.