தெருமுனைத் தோட்டத்தைக் கேட்டார்கள்

எங்கள் தெருவில் டவுன் பஸ் வரத் தொடங்கியதும், தறியில் ஏற்றும் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்ட நெசவாளர்களுக்கு இடம் இல்லாமல் போனது. நாங்கள் சிலர் குப்பைமேட்டைக் கொத்தி உருவாக்கிய தெருமுனைத் தோட்டத்தைக் கேட்டார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"ரோட்லயே போட்டுக்கோங்க. செடியில கை வெச்சா பேஜாராயிடும்."

"ரோட்ல போட்டா பஸ் டிரைவரு வந்து சிக்கெடுத்துக் குடுப்பாரா?" என்றார் ஒருவர்.

தினமும் குடம் சுமந்து அந்தச் செடிகளை வளர்த்த செல்வி அக்காவும் நெசவு செய்பவர்தான். அவர் என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

"நானே புடுங்கறேன்பா. வேற யாரும் தொட வேணாம்."

பூத்திருந்த கத்திரிச் செடியைப் பிடித்தவர், இழுக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு இழுத்தார்.

கோபப்பட எனக்கு எப்போதும் ஓர் ஆள் கிடைப்பான். அன்று யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.