படகின் மூக்கில் ஒரு வின்ச்

ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்குவதும் பழுதானால் ஏற்றுவதும்தான் எனக்கும் என் மச்சினனுக்கும் தொழில். சின்னமனூர், மார்க்கையன்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் கை படாத குழாய் கொஞ்சம்தான். படகு வேலை எங்களைத் தேடி வரும் என்று நினைத்ததே இல்லை.

வைகை அணையில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளக்க, கொச்சியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் சின்ன ஃபைபர் படகோடு வந்திருந்தார். அளக்கும்போது படகு நகராமல் நிற்க நங்கூரம் போட வேண்டும். அதைக் கையால் இழுத்து இழுத்து அவருடைய ஆட்களுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. சங்கிலியை இழுத்துத் தூக்க, பேட்டரியில் ஓடும் வின்ச் ஒன்றை வரவழைத்துவிட்டு, பொருத்த ஆள் தேடினார். யாரோ எங்களைக் கைகாட்டிவிட்டார்கள்.

"சேட்டா, போர்வெல் வின்ச் தெரியுமில்லே? இதும் அதுபோலத்தான்" என்றார்.

அதுபோல இல்லை. எங்கள் வின்ச் மூன்று காலில் தரையில் நிற்கும். இது படகின் மூக்கில் பாதி மேலே, பாதி கீழே. மேல்தளத்தின் மேலே சங்கிலியைக் கவ்வும் சக்கரம். அடியில் மோட்டார் தொங்க வேண்டும். அதற்குத் தளத்தில் ஓட்டை போட வேண்டும். மிதக்க வேண்டிய பொருளில் ஓட்டை என்றதும் எடுத்த ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டேன்.

"தண்ணி மட்டத்துக்கு மேலதான மச்சான் இருக்கு? போடுங்க" என்றான் மச்சினன்.

ஓட்டை போடும் இடங்களைக் காட்டும் தாள் ஒன்று பெட்டியில் இருந்தது. ஒரு பெரிய வட்டம், நான்கு சின்ன வட்டங்கள், ஓர் அம்புக்குறி. பக்கத்தில் இருந்த எழுத்து ஆங்கிலம்கூட இல்லை. அம்பு காட்டுவது படகு போகிற திசை என்றேன் நான். சங்கிலி உள்ளே வருகிற திசை என்றான் அவன். மேடம் பெரியகுளம் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. அரை மணி நேரம் வாதாடி, நான் மூத்தவன் என்பதால் என் பேச்சு நின்றது. ஐந்து ஓட்டையும் போட்டோம்.

"மேடம் வந்துட்டாக" என்றான்.

அவர் குத்தவைத்து உட்கார்ந்து தாளை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். "எனக்கும் இப்ப டவுட்டா இருக்கு" என்றார். பிறகு மூக்கிலிருந்து சங்கிலியை இழுத்து, வின்ச்சைத் தூக்கி வைத்து, சக்கரத்தில் சும்மா போட்டுப் பார்த்தார். மச்சினன் சொன்னதுதான் சரி. பெரிய ஓட்டை எப்படித் திருப்பினாலும் அதே இடம்தான் என்பதால் தப்பித்தது. சின்னவை நான்கும் வீண். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான்கையும் பசை வைத்து அடைத்து, புதிதாகப் போட்டு, அடியில் கனமான பலகை கொடுத்து போல்ட் முடுக்கினோம்.

மறுநாள் காலை தண்ணீரில் சோதனை. இருபத்தைந்து அடி ஆழம் என்றது, ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் அவருடைய கருவி. பட்டனை அழுத்தினேன். சங்கிலியில் ஐந்தடிக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டிருந்தோம். இருபத்தைந்து தாண்டி, முப்பது தாண்டி, முப்பத்தைந்தில்தான் சங்கிலி தளர்ந்தது. நேர் கீழேதான் போயிருந்தது.

மேலே ஏற்றும் பட்டனை அழுத்தினால் நங்கூரம் வரவில்லை. படகின் மூக்கு தண்ணீரைப் பார்த்துக் குனிந்தது. கிணற்றில் மோட்டார் சிக்கினால் விடாமல் இழுப்போம். அதே பழக்கத்தில் இன்னும் அழுத்தினேன்.

"நிறுத்துங்க சேட்டா!" என்று கத்தினார். "பிடுங்குற வேலை படகு செய்யணும். வின்ச் தூக்க மட்டும்தான்."

படகை மெல்ல முன்னால் விட்டார். நங்கூரம் ஒரு குலுக்கலோடு விடுபட்டது. இப்போது வின்ச் அலுங்காமல் தூக்கியது. மாவு போலச் சாம்பல் நிறச் சேறு அப்பிக்கொண்டு வந்தது.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. "கருவி இருபத்தஞ்சுன்னுது, நங்கூரம் முப்பத்தஞ்சுன்னுது. எது மேடம் தப்பு?"

"ரெண்டும் சரி. மேலே இருக்கிற சேறு கஞ்சி மாதிரி. கருவி அதையே அடின்னு காட்டுது, நங்கூரம் அதுக்குள்ளே இறங்கிப் போகுது."

"அப்ப அடி எது?"

"அது தெரியாமத்தானே நான் வந்திருக்கேன்" என்று சிரித்தார்.

வேலை முடிந்து அவர் ஊர் திரும்பும்வரை வின்ச் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சோதனை முடிந்த அன்று வீட்டில் என் மனைவி, "அணையில என்ன வேல பாத்திக?" என்று கேட்டாள்.

"மோட்டார் மாட்டுனோம்க்கா" என்றான் மச்சினன்.

"அங்கன எதுக்குடா மோட்டாரு? தண்ணிதான் கைக்கெட்டுற மாதிரி கெடக்கே?"