நாலாவது டம்ளர்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் பி.காம். முடித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் 'சாலை' என்று பேர்கொண்ட பஜாரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கரமனைப் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீடு எங்களுக்கு. அப்பா கொத்தனார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வேலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். அம்மா வீட்டில் சமைத்து, சாலைக் கடைகளில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துவந்தாள். தங்கச்சி மலையாளம் மீடியத்தில் பத்தாவது. வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எதற்கும் என் பேச்சு எடுபடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைத் தூளைத் தாமே கலந்து, சாயாக்கடைகளுக்கும் தெருவோரத் தட்டுக்கடைகளுக்கும் கொடுக்கலாம் என்று. அஸ்ஸாம், நீலகிரி, மூணாறு, அப்புறம் விதுரா தாண்டி மலைமேல் விளைகிற நம்ம பக்கத்துத் தூள் என்று நாலு சாம்பிள் வரவழைத்தார். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "ஏல, இத வீட்டுக்குக் கொண்டுபோயி எல்லாருமா குடிச்சுப் பாத்துட்டு வா. சாயாக்கடையில குடிக்கது உங்கப்பன மாதிரி ஆளுகதான். அவருக்குப் பிடிச்சா ஊருக்கே பிடிக்கும்" என்றார்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சாம்பிள் கொண்டுவந்த தரகர் சொல்லித் தந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம் ஊறல். முதலில் பால் இல்லாமல் மணம் பார்க்கணும், அப்புறம் வாய்க்குள் உறிஞ்சி இழுக்கணும், அப்புறம்தான் பாலும் சீனியும். மூன்று தூளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டினேன். நாலாவதற்குக் கவர் கிடைக்கவில்லை. பழைய பேப்பரில் மடித்துப் பைக்குள் போட்டேன். அதே பையில் அம்மா வாங்கிவரச் சொன்ன பெருங்காயக் கட்டியும் இருந்தது. தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் குர்பானா பூசை முடிந்து வந்த கூட்டம் எங்கள் சந்து வழியாகப் போய் ஓய்ந்ததும் ஆரம்பித்தோம். எந்த டம்ளர் எந்தத் தூள் என்று குடிக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. தங்கச்சி தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவந்து, ஒவ்வொரு டம்ளருக்கும் அடியில் ஒவ்வொரு நிறத்தில் ஒட்டினாள். அடுக்களையில் நாலையும் போட்டு வடித்தது அம்மா. எப்போதும் அங்கேயே நின்றுகொண்டு டீ குடிக்கும் அவளையும் அன்றைக்குக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தோம்.

முதல் டம்ளரை அப்பா மூக்குப் பக்கம் கொண்டுபோய், தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சினார்.

"இது காய்ச்சக்காரனுக்குக் குடுக்கது. ஒரு மூட்டை சிமெண்டு தூக்கணும்னா இது காணாது."

தங்கச்சி, பச்சைப் புல் மணம் வருகிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மா முகர்ந்து பார்த்து, "ஆமா, புல்லுதான்" என்றாள்.

இரண்டாவது அப்பாவுக்குப் பிடித்துப்போனது. "இது சாயா. இதக் குடிச்சா செவரு நேரா வரும்." தங்கச்சி அதில் வறுத்த வாசனை இருக்கிறது என்றாள். அம்மாவும் வறுத்த வாசனை என்றாள். மூன்றாவதுக்கு நான் ஏதோ பூ மணம் என்றேன். அம்மாவும் பூ என்றாள்.

தங்கச்சி சிரித்துவிட்டாள். "எம்மா, நீ காப்பியடிக்க. பரீட்சையில பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதுக மாதிரி. இந்த வாட்டி நீ முதல்ல சொல்லு."

நாலாவது டம்ளர் அம்மா கைக்குப் போனது. முகர்ந்தாள். ஒரு மடக்குக் குடித்தாள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல மணமால்ல இருக்கு. நாலுல இதுதான் உசத்தி" என்றாள்.

டம்ளர் தங்கச்சியிடம் வந்ததும், "அய்யே" என்று கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்பா முகர்ந்துவிட்டு வாசலுக்குப் போய்த் துப்பினார். அப்படி ஒரு பெருங்காய நாற்றம். எனக்குப் பையில் கிடந்த கட்டி ஞாபகம் வந்து, விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கம்மைக்கு இதுதான் உசத்தியாம்" என்று அப்பா சிரித்தார். "ரசம்னு நெனச்சுட்டா போல. வேணும்னா ரெண்டு கறிவேப்பில கிள்ளிப் போடு."

நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கோபம் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவள் கோபமாக இல்லை. பயந்துபோய் நின்றாள். ஒரு சந்தேகம் வந்து, சாமிப் படத்துக்குக் கீழே இருந்த சூடத்தை எடுத்து நான் அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம் மக்களே. ஒண்ணும் தெரியாது."

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்திருந்தாள். எழுந்தபோது மணம் போய்விட்டது. உப்பு, புளி, காரம் நாக்குக்குத் தெரியும். வாசனை மட்டும் சுத்தமாக இல்லை. சளி விட்டால் சரியாகிவிடும் என்று காத்திருந்தாளாம். சரியாகவில்லை.

இத்தனை நாள் எப்படிச் சமைத்தாள் என்று யோசித்தால் எல்லாம் கண்முன்னால்தான் நடந்திருக்கிறது. கடுகு வெடிக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நிற்பாள். வெங்காயத்தின் நிறத்தைக் குனிந்து பார்ப்பாள். "மோளே, இந்தக் கொழம்பு மணம் பாரு" என்று தங்கச்சியைக் கூப்பிடுவாள். பெண் பிள்ளைக்குச் சமையல் பழக்குகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றிருந்தார். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? கையிலேருந்து கரண்டியப் பிடுங்குவீங்க. மணம் தெரியாதவ கையால ஆரு சோறு வாங்கித் திம்பா? சாலையில ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதாதா?"

அப்பாவின் கண் அடுப்புக்குக் கீழே இருந்த காஸ் சிலிண்டர்மேல் நின்றது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை விட்டு நாங்கள் காஸுக்கு மாறியது அந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். ஓணம் கழிந்த சமயம் ஒரு நாள் அடுத்த வீட்டுச் சேச்சி ஓடிவந்து, அடுப்பைத் திருகி மூடி, ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, அம்மாவைக் கண்டபடி ஏசிவிட்டுப் போனார்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அம்மா அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அணைந்தது என்று அன்றைக்கு எங்களிடம் சொன்னாள். நாங்களும் நம்பி, அதோடு விட்டுவிட்டோம். சேச்சி அந்த நேரத்தில் துணி காயப்போட வெளியே வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு உறைத்தது. தங்கச்சி அழ ஆரம்பித்தாள்.

அப்பா கரண்டியைப் பிடுங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல், உளியும் சுத்தியலுமாக அடுக்களைச் சுவரில் ஒரு துளை போட்டார். சிலிண்டரை வெளியே வைத்து, சுற்றிச் செங்கல் கட்டி, கம்பிக் கதவு மாட்டினார். குழாய் மட்டும் துளை வழியாக உள்ளே வந்தது. வீட்டு உடமஸ்தர் வந்து, கேட்காமல் சுவரை உடைத்ததற்குச் சத்தம் போட்டார். அப்பா காரணத்தைச் சொன்னதும், பூச்சு ஒழுங்காக இருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் தங்கச்சி வந்து முகர்ந்து பார்த்து, "செரி" என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம் ஆனது. அடுப்பு எரியும்போது அம்மா அதற்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனோம். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

சாலையில் மறைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது அம்மாதான். மத்தியானச் சாப்பாட்டைத் தானே சுமந்துகொண்டு வந்து, அவளிடம் சாப்பாடு வாங்குகிற எங்கள் முதலாளியிடம் முதலில் சொன்னாள். நான் பக்கத்தில் மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்போ இத்தன மாசம் நாங்க தின்னது மணம் தெரியாம வச்ச கொழம்பா அக்கா?"

"ஆமா தம்பி."

"அப்போ அதே மாதிரி வையுங்க. நாளைக்கு அயில மீனு கிடைச்சா அயில."

எல்லாரும் அப்படி இல்லை. இரண்டு பேர் மறுநாளிலிருந்து சாப்பாட்டை நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒருவர் எங்களுக்குச் சொந்தம். மற்றவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். அம்மா சமையலை விடவில்லை.

அப்பாவுக்குப் பிடித்த அந்த இரண்டாவது டம்ளர் அஸ்ஸாம் தூள். அதோடு விதுரா மலைத்தூளைச் சேர்த்துக் கலந்தோம். நன்றாகவே ஓடியது. தேயிலைப் பக்கத்தை முதலாளி என் பொறுப்பில் விட்டார். அம்மாவுக்கு மணம் திரும்பவில்லை. எப்போதாவது பெருங்காயம் லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது என்பாள். அது நிஜமா, எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதா, தெரியாது.

புதுச் சாம்பிள் வந்தால் இன்றைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். டம்ளர்களுக்கு அடியில் பொட்டு ஒட்டுகிறோம். முதல் டம்ளர் அம்மாவுக்கு. துவர்ப்பு எவ்வளவு, நாக்கில் கனம் எவ்வளவு என்று அவள் சொல்லி முடித்த பிறகுதான் மணத்தைப் பற்றி நாங்கள் வாயைத் திறப்போம். கடையிலும் சரி, வெளியிலும் சரி, நாலு பேர் சொன்னதையே ஐந்தாவது ஆளும் சொல்லித் தலையாட்டினால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும், அந்த ஐந்தாவது ஆளைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.