டத்தோவின் இடது காது

"ஹெர்பர்ட். மெர்கோங் பள்ளித் தலைமையாசிரியர். போன மாதம் மனைவிக்கு ஆபரேஷன்" என்று கேப்டன் சில்வெஸ்டர் டத்தோவின் இடது காதில் மலாயில் முணுமுணுக்கிறார். உடனே டத்தோ எதிரில் நிற்பவரின் கையைப் பற்றிக்கொண்டு, "மனைவி தேறிவிட்டாரா?" என்று கேட்க, தலைமையாசிரியர் உருகிப்போகிறார். புகழெல்லாம் டத்தோவுக்குத்தான்.

டத்தோ என்ற பட்டத்தோடு மாநிலத்தில் பெரிய பதவி வகிப்பவருக்குத் துணையாக இராணுவம் அனுப்பிவைத்த ஏ.டி.சி. இந்தக் கேப்டன். தோளில் பொன்னிறக் கயிறு. பையில் டத்தோவின் இரண்டாவது மூக்குக்கண்ணாடி, வயிற்றுவலி மாத்திரை, உரையின் மறுபிரதி. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். படையில் இருக்கும் இந்த மனிதரோ பந்தியில் உட்காருவதே இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். மனைவி பிரிஜெட் வீட்டிலேயே ரசம் சோறு போட்டுத்தான் அனுப்புவார். "பிரியாணி வாசம் மட்டும்தான் நமக்குலா" என்று சிரிப்பார் சில்வெஸ்டர்.

மக்கள் நீட்டும் மனுக்களை வாங்கிக்கொள்வதும் இவர் வேலை. அதில் ஒரு பிடிவாதம்: சொந்தக்காரர் மனுவைத் தொடமாட்டார். "ஒன்னு வாங்கினா போதும், யூனிபார்ம் போட்ட புரோக்கர்னு சொல்லிருவானுங்க." நல்ல கொள்கைதான். கஷ்டமெல்லாம் அவருடைய அம்மாவுக்கு.

அம்மா அகத்தா செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடமாகப் பால்மரம் வெட்டுகிறார். மகன் இந்த நாட்டின் இராணுவ அதிகாரி. அம்மா கையில் இந்த 1974-லும் சிவப்பு ஐசி அட்டைதான். குடியுரிமை இல்லை. வேலை பெர்மிட் முடிந்தால் தோட்டத்தைவிட்டே போகச் சொல்லிவிடுவார்கள். டத்தோ தோட்டத்துக்கு வருகிறார் என்றதும், "ஏம்ப்பா, நானும் ஒரு மனு குடுக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம்மா. என் பேரு கெட்டுப்போயிரும்."

போன வாரம் டத்தோ வந்தார். தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள். முருகையா மனு நீட்டினார், மருதம்மாள் நீட்டினார், சில்வெஸ்டர் வாங்கிக்கொண்டார். அடுத்து நின்றவர் அம்மா.

"அகத்தா. முப்பது வருஷம் பால்மரம்." அவ்வளவுதான் சில்வெஸ்டர் டத்தோவின் காதில் சொன்னார்.

"பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்றார் டத்தோ.

"ஒரு மகன் துவான். நல்லா இருக்கான்" என்று அரைகுறை மலாயில் சொன்னார் அகத்தா. மகன் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சில்வெஸ்டருக்குத் தன்மேலேயே வெட்கமாக வந்தது.

டத்தோ தலையசைத்துவிட்டு நகர்ந்தார். எதிரில் நின்றவரின் பெயர் தெரியாமல் விழித்தார், திரும்பிப் பார்த்தார். கேப்டன் சில்வெஸ்டர் அம்மாவின் கையை முன்னால் இழுத்து, காகிதத்தை இறுக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.