முதல் வரியில் இருந்த டீச்சர்

என் அக்கா சிதம்பரத்தில் வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்து இருபது வீடுகளுக்குக் கேரியரில் அனுப்புகிறாள். ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது மாமா. நான் கடலூரில் இருந்தபடி மொபைல் ஆப் எழுதிப் பிழைப்பவன். அக்காவுக்கும் ஒன்று எழுதித் தருகிறேன் என்று நானாகப் போய் மூக்கை நுழைத்தேன். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், அடுத்து எது என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒரு பெயரை அரை விநாடி அழுத்தினால் விரலோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்து வேண்டிய இடத்தில் விடலாம். அக்கா போனில் மாற்றினால் மாமா போனிலும் மாறிவிடும். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

“டேய், பேருங்க தானா எடம் மாறுதுடா.”

“தானா எப்படி மாறும்? நீதான் எங்கியாச்சும் கைய வெச்சிருப்ப.”

“நான் சும்மா படிச்சித்தான் பாத்தேன்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். இருந்தாலும் அரை விநாடியை ஒரு விநாடியாக்கி அனுப்பினேன். என் போனில் எத்தனையோ முறை இழுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் மாமா பேசினார். அவர் சாமானியத்தில் போன் செய்கிற ஆள் இல்லை.

“மச்சான், ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். அவ அழுவுறா.”

பட்டியலில் முதல் பெயர் ஒரு டீச்சருடையது. ஓய்வுபெற்றுத் தனியாக இருப்பவர். சர்க்கரைக்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஊசி போட்டுக்கொள்வார். கால் மணி நேரத்தில் சாப்பாடு போய்விட வேண்டும். மூன்று நாளைக்கு முன்னால் அவர் பெயர் கடைசிக்குப் போயிருந்தது. மாமா ஒரு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தபோது, டீச்சர் வியர்த்துக் கொட்டி, வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

“தெனம் மொதல்ல போற வீடாச்சே மாமா?”

“நீதானே மச்சான் போன் காட்டுற மாதிரி போவச் சொன்ன. அவுங்க நேரத்த மாத்திட்டாங்க போலன்னு நெனச்சேன்.”

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். அக்கா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“எனக்கு இந்தப் போனெல்லாம் கை வராதுடா. டீச்சர வேற எடம் பாத்துக்கச் சொல்லிடப் போறேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?”

பழையபடி சீட்டில் எழுதிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பி ஆசையாகச் செய்து கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“எப்பவும் பாக்கிற மாதிரி பாருக்கா. நான் வாயத் தொறக்கல” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு முதல் பெயரின் மேல் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. “டீச்சர். உப்பு கம்மி. ரசம் தனியா” என்று முணுமுணுத்தாள். அவருக்கு உரியதெல்லாம் நினைவுக்கு வந்த பிறகுதான் விரலை அடுத்த பெயருக்கு நகர்த்தினாள். டீச்சரும் கூடவே இறங்கினார். அங்கும் விரல் நின்றது. “பெரியவரு. பூண்டு ஆவாது.” இப்படியே ஒவ்வொரு வீடாக நினைத்துக்கொண்டு அவள் அடிவரைக்கும் போக, விரலுக்கடியில் ஒளிந்திருந்த டீச்சரும் அடிவரைக்கும் போய்ச் சேர்ந்தார்.

பள்ளிக்கூடத்துப் பாடத்தையும் அக்கா இப்படி விரல் வைத்துத்தான் படிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து படித்த எனக்கு அது நினைவுக்கு வராமல் போயிற்று. கூடம் கோணல்தான், கட்டினவன் நான்.

அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயரை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் இனி அசையாது. ஒவ்வொரு பெயருக்கும் வலது ஓரத்தில் மூன்று சின்னக் கோடுகள் போட்டேன். அதைப் பிடித்தால்தான் நகரும், பிடித்ததும் போன் ஒருமுறை அதிரும். அக்கா மறுபடி விரல் வைத்தாள். இருபது வீட்டையும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு இறங்கினாள். டீச்சர் முதல் வரியிலேயே இருந்தார்.

“அப்ப எம்மேல தப்பு இல்லியா?”

“இல்லக்கா. எல்லாம் என் தப்புதான்.”

அவள் உடனே டீச்சருக்குப் போன் போட்டாள். அன்றைய சம்பவத்துக்குப் பிறகு டீச்சர் கேரியர் வந்த பின்னால்தான் ஊசி போட்டுக்கொள்கிறாராம், சாப்பாடு ஆறிப்போகிறதாம். “நாளையிலேருந்து பன்னெண்டுக்கே போட்டுக்குங்க டீச்சர். சாப்பாடு வந்துடும்” என்றாள் அக்கா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

அன்றைக்கு நான் கடலூர் திரும்பவில்லை. மறுநாள் மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். மணி பன்னிரண்டே கால் ஆகவில்லை. கதவைத் திறந்த டீச்சர், ஊசி போட்ட இடத்தில் ஒரு கையால் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, இன்னொரு கையை நீட்டிக் கேரியரை வாங்கிக்கொண்டார்.