சமீனா நீக்கிய பாட்டு

என் மருமகள் சமீனா வில்லாபுரத்தில் தையல் மெஷின் மிதிக்கிறவள். காலையில் ரவிக்கை, மத்தியானம் பாட்டு. பாடுவதில்லை, அவளுக்குக் குரல் கிடையாது, நானே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஜலீல் மெட்டுப் போட்ட கல்யாணப் பாட்டுகளைப் பழைய கேசட்டிலிருந்து எடுத்து, இரைச்சலைக் குறைத்து, எல்லோரும் செல்போனில் கேட்கும்படி ஏற்றுகிறாள். அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஆறு வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதையும் அவளே எழுதுகிறாள். அவளைப் பற்றி நல்லதாகச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. நான் விடுவதில்லை.

மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் அடிக்கு அடி கோத்துத்தான் அவர் பாடுவார். பெயரில்லாமல் பாடச் சொன்னால், "அப்ப யாருக்குண்டு துஆ கேக்குறது?" என்பார். அவருக்குப் பாட்டே பிரார்த்தனைதான். அதனால் பாட்டை ஏற்றும் முன் சமீனா அந்தந்த வீட்டில் சம்மதம் கேட்பாள். பெண்ணைப் பெற்றவரிடம் கேட்டால் போதும் என்று சொன்னது நான்தான். எங்களுக்கு அதுதானே வழக்கம்.

ஷாஹீதா கல்யாணப் பாட்டுக்கு அவள் அத்தாவிடம் கேட்டோம். "தாராளமாப் போடும்மா," என்றார். இருக்கிற கேசட்டிலேயே தெளிவானது அது ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கும். அதைத்தான் அம்புட்டுப் பேரும் கேட்டார்கள்.

ரமலானுக்கு முந்தின வாரம் ஷாஹீதாவே வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சமீனாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அக்கா, அந்த ஆள விட்டு வந்து எட்டு வருஷமாச்சு. இப்ப எனக்கு வேற குடும்பம். எங்க நாத்தனா மகன் கல்யாணத்துல இந்தப் பாட்டப் போட்டாக. எம் பேரும் அவன் பேரும் சேந்து ஸ்பீக்கர்ல வருது. எங்க வீட்டுக்காரவுக சாப்பிடாம எந்திரிச்சுட்டாக."

"ஒங்கத்தாகிட்டக் கேட்டுத்தானம்மா போட்டோம்," என்றேன்.

"என்னையக் கேட்டீகளா மாமி?"

சமீனா செல்போனை எடுத்தாள். பாட்டை எடுக்கக் கூடாது என்று நான் மறித்தேன். அவர் குரல் சுத்தமாக இருப்பது அதில் மட்டும்தானே.

"பாட்டு மாமாவோடது. பேரு இவளோடது, மாமி," என்று சொல்லி பாட்டு ஏற்றும் கம்பெனிக்கு அப்போதே நீக்கச் சொல்லி எழுதிப் போட்டாள். முழுக்க மறைய மூன்று நாள் ஆனது. எங்கெங்கே மறைந்துவிட்டது என்று மூன்று நாளும் ஷாஹீதாவுக்கு போன் செய்து சொன்னாள். நான் சமீனாவோடு பேசவில்லை. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

நாலாம் நாள் நானே கேட்டேன். "ஒன் கல்யாணப் பாட்டு எங்கடி?"

"அது வேணாம் மாமி. அதுல மாமா அழுகுறாக."

போட்டுக் கேட்டோம். எங்கள் மகன் நஜீம் பெயர் வரும் இடத்தில் அவர் அழுதுவிடுகிறார். இரண்டு தரம் விட்டு விட்டு ஆரம்பிக்கிறார். பின்னால் பிரியாணிச் சட்டியில் கரண்டி உரசுகிறது.

"அழுகுறத மட்டும் வெட்டிரவா?"

"வெட்டுனீண்டா ஒன் மெஷினத் தூக்கி வெளிய வச்சிருவேன்."

சிரித்தாள். நஜீமிடம் கேட்டு, தானும் சரி என்ற பிறகு ஏற்றினாள். கேட்பவர்கள் குறைவுதான், சிலர் கரண்டிச் சத்தத்தைக் குறை சொல்கிறார்கள்.

ஷாஹீதா பாட்டு இப்போது கேசட்டில் மட்டும் இருக்கிறது. அதையும் அவளிடமே கொடுத்துவிடலாம், வைத்துக்கொள்வதோ உடைப்பதோ அவள் இஷ்டம் என்கிறாள் சமீனா. இப்போதைக்கு அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.